சங்கிலியில் சேர்ந்தால் காசு வருமா? ஓ.பி. சீட்டுக்குப் பின்னால் போட்ட ஒரு கணக்கு

1/ கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. பொறுமையா கடைசி வரை படிங்க. படிச்சிட்டு, போன வாரம் உங்களை "ஒரு சின்ன மீட்டிங், சும்மா வந்து உட்காருங்க போதும்"னு கூப்பிட்டவருக்கும் அனுப்புங்க.

2/ சர்க்கரை நோய் ஓ.பி.யில் ஒரு அக்கா. ஐம்பதைத் தொடும் வயது. (அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சுகர் 420. கால் விரலில் ஆறாத புண். "மாத்திரை போடுறீங்களாக்கா?"
"நாலு மாசமா நிறுத்திட்டேன் சார்."
"ஏன்?"
"பவுடர் குடிக்கிறேன். மாத்திரை இல்லாமலே எனக்கு சரியாயிடுச்சுன்னு நான் சொன்னாத்தானே சார் மத்தவங்க நம்பிச் சேருவாங்க?"

3/ இன்னொரு தடவை படிங்க. அந்த அக்கா ஏமாந்த வாடிக்கையாளர் மட்டும் இல்லை. அவங்களேதான் விற்பனையாளர், அவங்களேதான் விளம்பரம். மகளிர் குழுவில் கடன் வாங்கி மாசம் 3,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறாங்க. எடுக்கலைன்னா "ஐடி செத்துடும்". ஐடியைக் காப்பாத்த காலைப் பணயம் வெச்சிருக்காங்க. நாங்க அவங்களுக்கு இலவசமா கொடுத்த மெட்ஃபார்மின் வீட்டு அலமாரியில் இருக்கு.

4/ "டாக்டருக்கு மருந்து தெரியும், பிசினஸ் என்ன தெரியும்?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். அதனால முதல்ல என் கதை. நானும் சேர்ந்தவன்தான். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, கூடப் படிச்ச ஒருத்தர் சொல்லி. ஆறு மாசத்தில் 18,000 ரூபாய் ஸ்டைபண்ட் காசு உள்ளே போனது. திரும்பி வந்தது 1,140 ரூபாய். என்னை நம்பி ஒரு டின் வாங்கியது என் சித்தி மட்டும்தான். "நீ டாக்டருக்குப் படிச்ச புள்ள, தப்பா சொல்ல மாட்டே"ன்னு சொல்லி வாங்கினாங்க. அந்த வார்த்தை இன்னிக்கும் குத்துது.

5/ இப்ப கணக்குக்கு வருவோம். "ஆறு பேரைச் சேருங்க. அவங்க ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பாங்க." போர்டில் வட்டம் வட்டமா போட்டுக் காட்டுவாங்க. நாலாவது வரிசையோட நிறுத்திடுவாங்க. நான் நிறுத்தப் போறதில்லை.

6/ 6, 36, 216, 1,296, 7,776, 46,656... பத்தாவது வரிசையில் 6 கோடியே 4 லட்சம் பேர். மேலே உள்ளவங்களையும் கூட்டினால் 7 கோடியே 25 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அதாவது பத்தே வரிசையில் தொட்டில் குழந்தை, ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருப்பவர் எல்லாரையும் சேர்த்தாச்சு. இன்னும் ஆள் பத்தலை.

7/ அந்தக் கூட்டத்தில் 100க்கு 83 பேர் கடைசி வரிசையில் நிற்பாங்க. அவங்களுக்குக் கீழே யாரும் கிடையாது. அவங்க சோம்பேறி என்பதால் இல்லை. ஆளே மிச்சம் இல்லை என்பதால். நிஜத்தில் சங்கிலி பத்து வரிசை வரைக்கும் போகாது, முன்னாடியே அறுந்துடும். எங்கே அறுந்தாலும் கணக்கு இதேதான்: பெரும்பாலானவங்க எப்பவும் அடியில்தான் இருப்பாங்க.

8/ எங்க பாஷையில் சொல்றேன். அம்மை ஒரு ஊருக்குள்ள வந்தால் முதல்ல வேகமா பரவும். கொஞ்ச நாளில் தொற்ற ஆளில்லாமல் தானாவே அடங்கும். சங்கிலி வியாபாரமும் அப்படித்தான் வளரும், அப்படித்தான் அடங்கும். அது உங்க தெருவுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் அடங்கற கட்டம்.

9/ "இதெல்லாம் தியரி சார்" என்பவர்களுக்கு: அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2024 செப்டம்பரில் 70 எம்.எல்.எம். நிறுவனங்களின் வருமான அறிக்கைகளை எடுத்துப் பார்த்தது. நிறுவனங்களே வெளியிட்ட அறிக்கைகள். பெரும்பாலான உறுப்பினர்களுக்குக் கிடைத்தது வருஷத்துக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே. மாசக் கணக்கில் 84 டாலர்கூட இல்லை. அதுவும் சரக்கு, பயணம், மீட்டிங் செலவைக் கழிக்கிறதுக்கு முன்னாடி! கழிச்சுப் பார்த்தால் பலருக்கும் கைக்காசுதான் போயிருக்கும்.

10/ "எங்க அப்லைன் கார் வாங்கிட்டாரே?" வாங்கியிருப்பார். லாட்டரியிலும் ஒருத்தருக்கு விழத்தான் செய்யும். மேடையில் ஏறுவது அந்த ஒருத்தர் மட்டும்தான். அரங்கத்தில் கைதட்டுற ஆயிரம் பேரின் பாஸ்புக்கையும் மேடையில் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்.

11/ "எல்லா இடமும் பிரமிட்தானே சார், உங்க ஆஸ்பத்திரியில் டீன் மேல, நீங்க கீழ?" நல்ல கேள்வி. வேலையில் சேர நான் டீனிடம் சரக்கு வாங்கலை. மாசம் ஆறு டாக்டரைச் சேர்த்தால்தான் சம்பளம்னு யாரும் சொல்லலை. நோயாளியைப் பார்த்தால் சம்பளம். அவ்வளவுதான்.

12/ "சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ண கம்பெனி." நேரடி விற்பனை சட்டப்படி சரிதான், மறுக்கலை. ஆனால் ஆள் சேர்ப்பதற்குக் காசு தரும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கு. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டம் கூடாதுன்னு சொல்லுது. 2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை, பிரமிட் மோசடி என்று குற்றம்சாட்டி ஆம்வே இந்தியாவின் 757 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆகவே "ரிஜிஸ்டர் ஆயிருக்கு" என்பதை வெச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க.

13/ நீங்களே கண்டுபிடிக்க ஒரே ஒரு டெஸ்ட்: சங்கிலியில் சேராத ஆள், கமிஷன் ஆசை இல்லாமல், அதே விலைக்கு அந்தப் பொருளைக் கடையில் வாங்குவாரா? "மாட்டார்" என்றால் உங்க வருமானம் பொருளிலிருந்து வரலை. உங்களுக்குப் பின்னாடி சேர்ந்தவர் பாக்கெட்டிலிருந்து வருது.

14/ அந்தப் பவுடர் விஷயம். பத்து கிராம் பவுடரில் எட்டு கிராம் புரதம் இருக்கும்னே வெச்சுக்குவோம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கு. 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். சர்க்கரையை, பிரஷரை, தைராய்டை, கேன்சரை ஒரே டின் குணப்படுத்தும்னு யாராவது சொன்னால், அது மருந்து இல்லை, பொய். கிட்னி பாதிப்பு உள்ளவங்க டாக்டரைக் கேட்காமல் புரதப் பவுடரைத் தொடவே கூடாது.

15/ என் சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. 2002 மருத்துவ நெறிமுறைகள் மருந்துப் பொருளுக்குக் காசு வாங்கிச் சிபாரிசு செய்வதைத் தடுக்குது. சட்டத்தை விடுங்க. உங்க ஸ்டெத்தைப் பார்த்துத்தான் அந்த அக்கா மாதிரி ஆட்கள் நம்புறாங்க. அந்த நம்பிக்கை நம்ம சொந்தச் சரக்கு இல்லை, விற்கறதுக்கு.

16/ ஏற்கெனவே சேர்ந்தாச்சா? வெட்கப்படாதீங்க, நானும் சேர்ந்தவன்தான். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போடுங்க: இதுவரை போன காசு, வந்த காசு. பஸ் செலவு, டீ செலவு, மீட்டிங் டிக்கெட் எல்லாம் எழுதுங்க. அபராதம் இல்லாமல் விலகுவதற்கான கால அவகாசம் உங்க ஒப்பந்தத்தில் இருக்கான்னு பாருங்க. ஏமாற்றம்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனது போகட்டும். அதை மீட்கறேன்னு தம்பியையும் மச்சானையும் உள்ளே இழுக்காதீங்க. அங்கேதான் காசோடு சேர்ந்து உறவும் போகுது.

17/ அந்த அக்காவுக்கு இன்சுலின் ஆரம்பிச்சிருக்கோம். விரலைக் காப்பாத்த முடியும்னு சர்ஜன் சொல்றார். டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டாங்க: "என்னை நம்பி எங்க குழுவில் நாலு பேர் சேர்ந்திருக்காங்க சார். அவங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

18/ "உண்மையைச் சொல்லுங்கக்கா"ன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி சித்திக்கு போன் போட்டு, இத்தனை வருஷம் கழிச்சு நானும் மன்னிப்பு கேட்டேன். "அந்த டின்னா? அதை அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்டா"ன்னு சிரிச்சாங்க.

எல்லாருக்கும் அப்படிச் சிரிச்சு மன்னிக்கிற சித்தி கிடைக்க மாட்டாங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க. பகிருங்க.