ஆளுக்குக் கால் கிலோ: சார்க் உணவு வங்கியை நம்பலாமா?

2022 மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு ஒரு கப்பல் கிளம்பியது. தமிழ்நாடு அரசு அறிவித்த 40,000 டன் அரிசியில் முதல் தவணையாக 9,000 டன் அதில் போனது. முந்தைய ஆண்டு ரசாயன உரத்துக்கு ஒரே அறிவிப்பில் தடை போட்டு, நெல் விளைச்சல் சரிந்து, டாலரும் தீர்ந்துபோன நாடு அது. உதவி போனது நல்ல விஷயம்தான். ஆனா, அது ஒரு மாநில அரசு எடுத்த முடிவு. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே தெற்காசிய நாடுகளுக்குப் பொதுவாக சார்க் உணவு வங்கி என்று ஒன்று இருக்கிறது.

வங்கி என்றதும் பெரிய கிடங்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். 2007-ல் போட்ட ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் தன் கிடங்கிலேயே கொஞ்சம் தானியத்தை 'இது வங்கிக்கு' என்று ஒதுக்கி வைக்கும். மொத்த இலக்கு 4.86 லட்சம் டன். இதில் இந்தியாவின் பங்கு மட்டும் 3.06 லட்சம் டன். தெற்காசியாவின் மக்கள்தொகை கிட்டத்தட்ட 200 கோடி. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குக் கால் கிலோகூட முழுசாக வராது. அதையும் சும்மா எடுத்துவிட முடியாது. கேட்கிற நாடு, கொடுக்கிற நாட்டோடு உட்கார்ந்து விலை பேச வேண்டும். வீட்டில் உலை கொதிக்கும்போது கடையில் பேரம் பேசுவது மாதிரிதான்.

2023 ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. உள்ளூர் விலையைக் கட்டுக்குள் வைப்பது எந்த அரசுக்கும் கடமைதான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், உலக அரிசி வர்த்தகத்தில் சுமார் 40 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் நாடு திடீரென்று கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் என்ன ஆகும்? நேபாளத்தில் விலை ஏறியது. அந்த நாட்டுக்கு 95,000 டன் அனுப்ப அனுமதி கிடைத்தபோது அக்டோபர் 18 ஆகிவிட்டது. தசைன் பண்டிகையே தொடங்கியிருந்தது. பூடானுக்கு 79,000 டன் அனுமதி ஆகஸ்ட் கடைசியில் வந்தது. இரண்டையும் கூட்டினாலும், 2022-23-ல் இந்தியா ஏற்றுமதி செய்த அரிசியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு சின்ன அளவுக்கு மூன்று மாதம் காக்க வைக்க என்ன அவசியம்?

விதை விஷயத்தில் இதே நாடுகள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டன. ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்த வெள்ளம் தாங்கும் மரபணுவைச் சேர்த்து உருவான ஸ்வர்ணா-சப்1, இரண்டு வாரம் வரை தண்ணீரில் மூழ்கியிருந்தாலும் பிழைக்கும். 2009-ல் இந்தியாவில் வெளியான அந்த ரகம் வங்கதேசத்துக்கும் நேபாளத்துக்கும் போனது. பிறகு, ஒரு நாட்டில் சோதித்த நெல் ரகத்தை மற்ற நாடு மறுபடி முதலிலிருந்து சோதிக்காமலே ஏற்கலாம் என்று மூன்று நாடுகளும் ஒத்துக்கொண்டன. விதைக்குச் செய்ததை அரிசிக்குச் செய்ய முடியாதா?

தென்கிழக்காசியாவைப் பாருங்கள். ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்து 7.87 லட்சம் டன் அரிசியை ஒதுக்கி வைத்திருக்கின்றன. இதைக் கவனிக்க பாங்காக்கில் தனி அலுவலகமே உண்டு. 2013-ல் ஹையான் புயல் அடித்த பிலிப்பைன்ஸுக்கு அந்த ஏற்பாட்டிலிருந்து அரிசி போனது.

சார்க்கைக் கூட்டி விதியை மாற்றுவது இப்போதைக்கு நடக்கிற காரியமல்ல. கடைசி உச்சி மாநாடே 2014-ல் காத்மாண்டுவில் நடந்ததுதான். ஆனா, இந்தியா தனியாகவே ஒன்று செய்யலாம். எந்தத் தடை வந்தாலும் நேபாளம், பூடான், இலங்கை, வங்கதேசம், மாலத்தீவுக்கு ஆண்டுதோறும் இவ்வளவு டன் உறுதி என்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம். 2023-ல் தடை போட்ட அதே வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் ஒரு பக்க அறிவிப்பு அதற்குப் போதும்.