மாவுக்குக் கணக்கு உண்டு, மணிக்கு இல்லை

எங்கள் வேலையைச் சேவை என்று புகழ்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: சேவைக்கு எதற்கு இத்தனை பதிவேடு?

ஆறுமுகநேரியில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். சத்துமாவுப் பொட்டலம் ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும். முட்டைக்குக் கணக்கு, பருப்புக்குக் கணக்கு, பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்கு. 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் மையம் திறந்ததைப் பதிய வேண்டும். 2025 ஜூலை முதல் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தையும் அது சரிபார்க்கிறது. சிக்னல் இல்லாத நாளில் கைப்பிள்ளையோடு அவள் நிற்பாள். போனைத் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்பேன். இத்தனையும் கேட்கிறவர்கள், நான் எத்தனை மணிக்கு வேலை முடித்தேன் என்று மட்டும் கேட்பதில்லை.

கேட்டால் வம்பு. மணியை எழுதினால் அது வேலை ஆகிவிடும், வேலைக்குச் சம்பளம் தர வேண்டிவரும். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் மத்திய அரசு தரும் பணத்துக்குப் பெயர் மதிப்பூதியம். 2018 அக்டோபரில் அதைப் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அதிலும் 60க்கு 40 என்று மாநிலத்தோடு பங்கு. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதுவும் எங்கள் மணிகளை எண்ணித் தருவதல்ல.

இந்த ஊரில் நேரம் உப்பளத்தோடு ஓடுவது. வெயில் ஏறுவதற்குள் உப்பு வார வேண்டுமென்று பெண்கள் இருட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். "டீச்சர், வர நேரமாவும், கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்கிறவளிடம் மையம் பூட்டும் நேரத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கூடுதல் நேரத்தால் அளத்து முதலாளிக்கு லாபம், அரசுக்கும் லாபம். அதைச் சும்மா கொடுப்பது நான். பிறகு கர்ப்பிணிகளின் வீடுகள், ஆளில்லாத பக்கத்து மையத்தின் பொறுப்பு, ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து செயலியில் ஏற்றும் விவரங்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது, வீடுவீடாகப் படிவம் கொண்டுபோனவர்களில் எங்கள் பெண்களும் உண்டு.

குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில் 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்றது. இது பகுதிநேர வேலை என்ற வாதத்தை நீதிபதி ஓகா ஏற்கவே இல்லை. அந்த வாதம் எடுபடக் காரணமே எங்கள் நேரம் எங்கும் எழுதப்படாததுதான் என்பேன்.

மணி எழுதினால் கண்காணிப்பு கூடும் என்று தோழிகள் சிலர் அஞ்சுகிறார்கள். அம்மா, இன்னும் எதைக் கண்காணிக்க மிச்சம் இருக்கிறது? காலையில் பத்து நிமிஷம் பிந்தினால் தெரிந்துவிடுகிறது. சாயங்காலம் இரண்டு மணிநேரம் கூடுதலாக இருந்ததுதான் தெரிவதில்லை. அமெரிக்காவில் அரசு மானியத்திலிருந்து சம்பளம் தருகிற நிறுவனம், ஆள் உண்மையில் செய்த வேலையைக் காட்டும் பதிவு வைத்திருக்க வேண்டும். மதிப்பீடு மட்டும் போதாது. பொதுப்பணத்துக்கு அங்கே அப்படிக் கணக்கு. இங்கே முட்டையோடு நின்றுவிட்டது.

வருகைப் பதிவேட்டில் மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: வந்த மணி, முடித்த மணி, மையத்துக்கு வெளியே செய்த வேலை. எழுதுவது நாங்களாக இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்று எங்கள் கையில் வேண்டும்.