புனைபெயரும் பொய்ப்பெயரும்

செத்துப்போனதாகச் சர்க்கார் ஏட்டில் பதிவான ஒருவன், வேறு பெயரோடு திரும்பி வந்து தன் ‘விதவை’யையே மறுபடியும் கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு டாக்டர் பட்டம் வாங்கி, இலக்கியப் பேராசிரியராகி, ஒரு பெரிய கலாசாலையின் தலைமைப் பதவிக்கே வந்துவிடுகிறான். இப்படி ஒரு கதையை நான் எழுதி அனுப்பினால், “நம்பும்படியாக இல்லை” என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். நான் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் ஜெர்மனியில் இது நடந்தது.

மனிதரின் உண்மைப் பெயர் ஹான்ஸ் எர்ன்ஸ்ட் ஷ்னைடர். 1909-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் காப்டனுக்குச் சமமான பதவி வகித்தவர். ஹிம்லர் நிறுவிய ‘மூதாதையர் மரபு’ என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் அவருக்கு உத்தியோகம். ஜெர்மனி பிடித்துக்கொண்ட ஹாலந்தில், படித்தவர்களிடையே ஜெர்மானிய இனப்பெருமையைப் பரப்புவது அவர் வேலை. டாக்காவ் முகாமில் கைதிகளின் உடம்பை வைத்து நடத்திய மருத்துவச் சோதனைகளுக்காக, ஹாலந்திலிருந்து கருவிகள் தேடிக் கொடுத்ததிலும் அவர் கை இருந்தது.

1945-இல் யுத்தம் முடிந்தது. ஷ்னைடர் மறைந்தார், ஹான்ஸ் ஷ்வெர்ட்டே என்பவர் தோன்றினார். 1947-இல் அந்த விநோதக் கல்யாணம். 1948-இல், கவிஞர் ரில்கேயைப் பற்றிய ஆராய்ச்சிக்காக எர்லாங்கன் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம். 1965-இல் ஆகன் நகரத் தொழில்நுட்பக் கலாசாலையில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர். 1970 முதல் 1973 வரை அதன் தலைவர். 1983-இல் நாட்டின் கௌரவப் பதக்கம். 1995-இல், டச்சுத் தொலைக்காட்சி நிருபர்கள் துப்புத் துலக்கி வாசற்படிவரை வந்துவிட்ட பிறகு, எண்பத்தைந்தாவது வயதில், “நான்தான் ஷ்னைடர்” என்று தாமாகவே முன்வந்து ஒப்புக்கொண்டார். ‘தாமாகவே’ என்ற சொல்லை நான் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

பதக்கம், பேராசிரியர் பட்டம், பென்ஷன் எல்லாம் பறிபோயின. கருவிகள் விஷயத்தில் குற்றத்தை நிரூபிக்கப் போதிய சான்று இல்லையென்று விசாரணை கைவிடப்பட்டது. 1999-இல் காலமானார்.

இவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். “மனிதர் திருந்திவிட்டார். ஐம்பது வருஷம் நல்ல ஜனநாயகவாதியாக வாழ்ந்தார். ‘ஃபாஸ்ட்’ பற்றி அவர் எழுதிய நூல் அருமையான நூல். இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்கிறார்கள்.

நூல் நல்ல நூல்தான். அதைக் கொளுத்த வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். கதேயின் ஃபாஸ்ட் என்ற பாத்திரத்தை, எல்லை மீறிப் பாயும் ஜெர்மானிய வீரத்தின் சின்னமாக்கிப் பண்டிதர்கள் எப்படிப் பூஜை செய்தார்கள் என்று 1962-இல் வெளியான அந்த நூல் பிட்டுப் பிட்டு வைக்கிறது. என் ஆத்திரமே அதில்தான் இருக்கிறது. யாரோ செய்த பூஜையை விவரிப்பதுபோல் எழுதியிருக்கிறாரே, மணியடித்தவர்களில் தாமும் ஒருவர் என்று ஒரு வரி உண்டா? படித்த ஒருவன், கவிதையை நேசித்த ஒருவன், எந்த வழியாக அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தான்? அன்று ஜெர்மானிய மாணவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான். சொல்லக்கூடியவர் வகுப்பிலேயே நின்றார். சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

திருந்தினார் என்பதையும் பார்ப்போம். 1970-களில், ஹாலந்து, பெல்ஜியம் நாட்டுச் சர்வகலாசாலைகளோடு நல்லுறவு வளர்க்கும் பொறுப்பை மாகாண சர்க்கார் இவரிடம் ஒப்படைத்தது. இவரும் ஏற்றுக்கொண்டார்! எந்த நாட்டில் எஸ்.எஸ். அதிகாரியாக நடமாடினாரோ, அந்த நாட்டுப் பேராசிரியர்களோடு கைகுலுக்கினார். மன்னிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது. எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாதவர்கள் எதை மன்னிப்பார்கள்? திருந்துவது என்றால் இன்னாரிடம், இன்ன பெயரால், இன்னது செய்தேன் என்று சொல்வதில் ஆரம்பிக்க வேண்டும். அது இல்லாதவரை நல்ல நடத்தை என்பது நல்ல நடத்தைதான், பிராயச்சித்தம் ஆகாது.

“பெயரில் என்ன இருக்கிறது? நீங்கள் எழுத்தாளர்கள் புனைபெயர் வைத்துக்கொள்ளவில்லையா?” என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். வைத்துக்கொள்கிறோம். ஆனால் என் கதை யாரையாவது புண்படுத்தினால், பத்திரிகை ஆபீஸில் விசாரித்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கே வந்துவிடலாம். புனைபெயருக்குப் பின்னால் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. பொய்ப்பெயரோ, பதில் சொல்ல வேண்டிய ஆளைக் கொன்று புதைப்பதற்காக வைத்துக்கொள்வது.

“உண்மையைச் சொல்லியிருந்தால் பேராசிரியராகியிருக்க முடியாதே!” என்பார்கள். முடியாமல் போகட்டுமே! கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். பேராசிரியராகாமலும் ஒரு மனிதன் கௌரவமாக வாழ முடியும் என்பதற்கு நானே சாட்சி.

அதே காலத்து இன்னொரு பெயரையும் சொல்கிறேன்: கேட்டே ஹாம்பர்கர். யூதர் என்பதால் ஹிட்லர் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறி, ஸ்வீடனில் பாஷை கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர். 1956-இல் திரும்பி வந்தார். அடுத்த வருஷமே, புனைகதை எப்படி இயங்குகிறது என்பதைத் தர்க்கரீதியாக ஆராய்ந்த அவருடைய நூல் வெளியாகி, இலக்கிய உலகமே பேசும்படி ஆயிற்று. ஸ்டுட்கார்ட் கலாசாலையில் கற்பித்தார். ஆனால் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஷ்வெர்ட்டே அவருடைய நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார் என்று சொல்ல வரவில்லை. பொய்ப்பெயரோடு வந்தவருக்குத் தலைமைப் பதவி வரை கதவு திறந்த அதே கலாசாலை உலகத்தில், சொந்தப் பெயரோடு திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றார் என்றுதான் சொல்கிறேன்.

ஷ்வெர்ட்டேக்காக உருகுகிறவர்கள் அந்த அம்மாளுக்காகவும் கொஞ்சம் உருகட்டும். அதன் பிறகு வந்து என்னோடு வாதாடட்டும்.