வீட்டுக் கொட்டகையிற் கார்தூக்கி

தொண்டைமானாற்று நண்பரொருவர் தம் பழைய ஒஸ்ரின் காருக்காக, வீட்டுக் கொட்டகையில் இருதூண் தூக்கியொன்றை நாட்ட விரும்பினார். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. அதன்மீது அவருக்குள்ள பற்று சொல்லுந்தரமன்று. நான் முதலிற் கேட்டது தரையைப் பற்றியே.

"எங்கள் ஐயா போட்ட சீமெந்து" என்றார். மணலின்மேல் இரண்டு அங்குலம்! இத்தகைய தூக்கிகள் பொதுவாகக் குறைந்தது 4 அங்குலக் கொங்கிறீற்றை வேண்டுவன. புதிதாயின் 28 நாள் இறுகவிடுதல் நன்று. பாரம் கைகளில் ஏறியதும் தூண்கள் உட்புறஞ் சாய முனையும். அவற்றைப் பிடித்து நிற்பவை தரையிற் பதித்த ஆணிகளே.

உப்புக்காற்று மற்றொரு பகை. தூக்கியின் கம்பிவடமும் துருவேறும், காரின் அடிச்சட்டமும் துருவேறும். உக்கிய இடத்திற் கையைக் கொடுத்தால் தகடு பொத்துப்போம். சக்கரங்கள் நிலத்தைவிட்டு எழுந்தவுடன் நிறுத்தி, வண்டியை மெல்ல அசைத்துப் பாருங்கள். பின்னர் உயர்த்தி, இருபுறமும் பூட்டு விழுந்த ஓசை கேட்டபின், அப்பூட்டுகளின்மேல் வண்டியை இறக்கி அமர்த்துங்கள். எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பிக் கீழே புகலாகாது. பிள்ளைகள் அப்பக்கம் வாராதிருக்கட்டும்.

நண்பர் இப்பொழுது தரையை உடைத்துக்கொண்டிருக்கிறார். அக்கொட்டகையில் வெங்காயம் கட்டித் தொங்கவிட எண்ணியிருந்த அவர் மனைவியார் என்னோடு பேசுவதில்லை.