வருஷத்துக்கு ஒரு நாள் போதுமா?

அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கைப் பை பக்கத்தில் வந்த பிறகுதான் பாதிப் பேர் சில்லறை தேடுகிறார்கள். கேட்டால், "செபம் பண்றேனே, போதாதா?" போதாதுங்க!

1822-ல் பிரான்சின் லியோன் நகரில் ஆரம்பித்த விசுவாசப் பரப்புச் சங்கத்துக்கு வித்திட்டவர் பவுலின் ஜரிகோ, நம்ம வயசுப் பெண். அவர் கேட்டது தினம் ஒரு செபமும், வாரம் ஒரு 'சூ' என்ற சின்னக் காசும். பத்துப் பேருக்கு ஒருவர் வசூலிப்பார். கொடுத்தவர்களில் பட்டு ஆலைத் தொழிலாளர்களும் உண்டு. அந்தக் காசு சீனா, அமெரிக்கா வரை போனது.

"பணக்காரங்க கொடுக்கட்டும்" என்கிறீர்களா? ஒரே பணக்காரர் கைவிட்டால் கணக்கு படுத்துவிடும்; ஆயிரம் பேரில் பத்துப் பேர் நின்றால் தெரியவே தெரியாது (பி.காம். புத்தி!). ஆப்பிரிக்கக் கிராமத்து உபதேசியாருக்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டுமா பசிக்கும்?

வகுப்பில் பத்துப் பேர் சேருங்கள். வாரம் ஐந்து ரூபாய், தினம் ஒரு செபம். கணக்கை நான் எழுதுகிறேன்.