நம்மாளு ரூம் தர்றாராம்!

ஜெர்மனியில் வேலை கிடைச்சு மியூனிக்குக்குப் பொட்டி கட்டுற பசங்களுக்கு சீனியர்கள் வழக்கமாச் சொல்ற வசனம் ஒண்ணு இருக்கு. "கவலைப்படாத மச்சி, நம்மாளு ஒருத்தர் ரூம் தருவார். அன்மெல்டுங் மட்டும் கேக்காத." இந்தக் கடைசி வரியைத்தான் மக்களே இன்னிக்குக் கும்மப் போறேன்.

அன்மெல்டுங் என்றால் நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு செய்வது. குடி வந்த இரண்டு வாரத்துக்குள் செய்யணும்னு சட்டம். 2015 நவம்பரிலிருந்து, வீடு கொடுத்தவர் 'ஆமா, இவர் இங்கதான் குடியிருக்கார்'னு கையெழுத்துப் போட்ட தாளும் வேணும். தாள் இல்லைன்னா பதிவு இல்லை. பதிவு இல்லைன்னா வரி எண் தபால்ல வராது. அது வராம இழுத்துக்கிட்டே போச்சுன்னா சம்பளத்துல ஆறாம் வகுப்பு வரி பிடிப்பாங்க. இருக்கறதுலயே கொடூரமான வகுப்பு அதுதான். அப்புறமா திரும்பக் கிடைக்கும், வாஸ்தவம். ஆனா கையில 900 யூரோவோட வந்து இறங்கினவனுக்கு 'அப்புறமா'ன்னா என்ன அர்த்தம்? விசாவை இருப்பு அனுமதியா மாத்தப் போனாலும் முதல் கேள்வி விலாசம்தான்.

"வேற யாராவது விலாசத்துல பதிஞ்சுக்கோ"ன்னு இன்னொரு மேதாவி யோசனை உண்டு. குடியிருக்காத இடத்தைப் பதிவுக்காகக் கொடுக்கறவருக்கு 50,000 யூரோ வரைக்கும் அபராதம் போட சட்டத்துல இடமிருக்கு. யோசனை சொல்றவர் தன் விலாசத்தைக் கொடுப்பாரா, கேட்டுப் பாருங்க :-)

புதுசா வந்தவன் ஏன் இதுல மாட்றான்? வீட்டு ஓனர் மூணு மாச சம்பளச் சீட்டும் ஷூஃபா தாளும் கேக்கறார். ஷூஃபான்னா இந்த ஊர் கடன் ஜாதகம். நேத்து வந்தவனுக்கு ஏது சம்பளச் சீட்டு, ஏது ஜாதகம்? மேல மூணு மாச வாடகை வரைக்கும் அட்வான்ஸ். (இதை மூணு தவணையா கட்ட சட்டமே அனுமதிக்குது. ஒரு சீனியரும் இதைச் சொல்லித் தர மாட்டார்.) அதையும் தாண்டிப் போனா பல வீட்ல அடுப்பும் சிங்க்கும்கூட இருக்காது, முந்தின ஆள் கழட்டிட்டுப் போயிருப்பார்.

இந்த இடுக்குலதான் நம்மாளு கடை விரிக்கிறார். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டுக் கணக்கு சொல்றேன். மொத்த வாடகை 1,600 யூரோன்னு அவரே பெருமையாச் சொன்னார். ரெண்டு ரூம்ல நாலு பசங்க, தலைக்கு 550, கையில ரொக்கம், ரசீது கிடையாது. ஹால் அவருக்கு. கூட்டிப் பாருங்க: 2,200. ஓசியில குடியிருந்து மாசம் 600 லாபம். தபால் பெட்டியில பசங்க பேர் ஒட்டக் கூடாதாம். பேர் இல்லாத பெட்டியில இங்க தபால்காரர் கடிதம் போட மாட்டார். பேங்க் கார்டு எப்படி வரும்? நான் வணக்கம் சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். அந்த நாலு பேரும் இன்னும் அங்கதான் இருந்தாங்க, அதுல ஒருத்தன் எங்க காலேஜ் ஜூனியர்.

"அவரும் இல்லைன்னா பையன் தெருவுல நிப்பானே?" உடனே வர்ற கேள்வி இது. உதவி பண்ணணும்னா வழி இருக்கு. நியாயமான காரணம் காட்டி, வீட்டின் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட ஓனர்கிட்ட அனுமதி கேட்கும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு. அனுமதி வாங்கி, தாள்ல கையெழுத்துப் போட்டு, பங்கு வாடகையை மட்டும் வாங்கிக்கிட்டா அது உதவி. அனுமதி இல்லாம விட்டா மாட்டும்போது காலி பண்ணச் சொல்வாங்க, அவரோட சேர்த்து நாலு பேரும் பொட்டியைத் தூக்கணும். இதுக்குப் பேரு வியாபாரம். தமிழ்ல பேசிக்கிட்டே பண்ணினாலும் வியாபாரம்தான்.

கம்பெனிகளும் லேசுப்பட்டவை இல்லை. டிக்கெட் போட்டு, ரெண்டு வாரம் ஹோட்டல் கொடுத்துட்டுக் கை கழுவிடுது. 'இவர் எங்க ஊழியர், சம்பளம் இவ்வளவு'ன்னு ஓனருக்கு ஒரு கடிதம் கொடுக்க எச்.ஆருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. சேரும் முன்னாடியே கேட்டு வாங்குங்க. ரூம் பேசும்போது முதல் கேள்வி வாடகை இல்லை, "பதிவுக்குத் தாள் தருவீங்களா?" அதையும் எழுத்துல வாங்குங்க, பணத்தை பேங்க் வழியாவே கொடுங்க.

'நம்மாளு'க்கு வக்காலத்து வாங்க வர்றவங்க தாராளமா பின்னூட்டத்துல வாங்க. ஆனா முதல்ல இதுக்குப் பதில் சொல்லிடுங்க: நீங்க ஆள் வெச்சிருக்கறது உங்க ஓனருக்குத் தெரியுமா?