மூன்றெழுத்து முன்னொட்டு

ஒரு பெயரின் முன்னே மூன்றெழுத்துகள் வந்து நின்றன. அவற்றைப் பொறாது ஒரு பெருநகரின் இரசிகர் கூட்டம் மூன்று பருவகாலம் முகஞ்சுளித்து நின்றது. இலக்கணம் பயின்றவன் என்ற முறையாலும், அப்பெயருக்குரிய உதைபந்தாட்டக் கழகத்தின் நெடுநாள் அபிமானி என்ற முறையாலும் இச்செய்தி என் மனத்தை விட்டு அகல மறுக்கின்றது. பண்டிதனுக்குப் பந்து எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் சற்றே பொறுத்தருள்க.

நான் மாணவனாயிருந்த காலத்திலே, மழை பெய்து சேறான மைதானத்தில் வெறுங்காலோடு பந்துதைத்துவிட்டு வகுப்பினுள் நுழைவோம். எமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஏசுவதை விடுத்து 1911 ஆம் ஆண்டின் கதையைச் சொல்லுவார். அவ்வாண்டு யூலை 29 ஆம் நாள் கல்கத்தாவில் நடந்த ஐ.எப்.ஏ. கேடயத்துக்கான இறுதியாட்டத்திலே, ஆங்கிலேயரின் கிழக்கு யோக்சயர் படைப்பிரிவு அணியை மோகன் பகான் கழகம் 2-1 என்ற கணக்கில் வென்றது. வென்ற பதினொருவருள் பாதணி அணிந்து ஆடியவர் ஒருவரே. ஏனைப் பதின்மரும் எம்மைப் போல வெறுங்காலினர். முதற் கோலைப் படையினர் போட்டனர். சிவதாச பாதுரி அதனைச் சமன் செய்தார். அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். ஆசிரியர் இதனைச் சொல்லி முடிக்கும்போது சேற்றுக் காலோடு நின்ற நாமே கேடயத்தை வென்றவர் போல நிமிர்ந்து நிற்போம். அன்று தொடங்கியது இந்த அபிமானம்.

மோகன் பகான் என்பது முதலில் ஒரு மாளிகையின் பெயர். வடகல்கத்தாவிலிருந்த அம்மாளிகையில் 1889 ஆகஸ்ட் 15 ஆம் நாள் இக்கழகம் தோன்றியது. 'பகான்' என்றால் வங்காளத்தில் தோட்டம். இடத்தின் பெயர் அங்கே தோன்றிய கழகத்துக்கு ஆகி வந்தமையால் இதனை இடவாகுபெயர் எனலாம். ஆனால் அத்தோட்டத்தை இன்று நினைப்பார் யார்? பெயரைக் கேட்டவுடன் கண்முன் வருவன பச்சையும் அரக்குச் சிவப்புமான உடையும், பாய்விரித்த படகுச் சின்னமும், 1951 இல் ஆசிய விளையாட்டிலே தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் சைலேன் மன்னாவும், 1962 இல் அதே வெற்றிக்குத் தலைமை தாங்கிய சுனி கோசுவாமியுமே. ஆகுபெயர் தன் மூலத்தை மறந்து தானே மூலமாகிவிட்டது.

இனி 2020 ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்கு முந்திய ஆண்டிலேயே அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் இந்தியன் சுப்பர் லீக்கை நாட்டின் முதனிலைப் போட்டியாக்கியிருந்தது. மோகன் பகான் ஆடிவந்த ஐ லீக்கின் மதிப்பு அதனால் தாழ்ந்தது. புதிய போட்டியினுள் நுழையப் பெரும்பொருள் வேண்டும். அங்கத்தவர் சந்தாவில் வளர்ந்த ஒரு பழைய சங்கத்தினால் அதனை எங்ஙனம் திரட்டுதல் கூடும்? ஆகவே கழகத்தை நடத்தியோர் மீது முழுப் பழியையும் சுமத்த நான் ஒருப்படேன். வெளியே நின்று பெருமை பேசியபடி மெலிவதா, உள்ளே சென்று பிறன் கையைப் பிடித்துக்கொண்டு வாழ்வதா என்ற இரண்டுள் ஒன்றை அவர்கள் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவ்வாண்டு சனவரியில் கழகத்தின் உதைபந்தாட்டப் பிரிவில் நூற்றுக்கு 80 பங்கை ஆர்.பி. சஞ்சீவ் கோயங்கா குழுமம் பெற்றது. 20 பங்கே பழைய சங்கத்திடம் எஞ்சியது.

விந்தை என்னவெனில், இந்த உடன்பாட்டுக்குப் பின்னரே, மார்ச் 10 ஆம் நாள், மோகன் பகான் ஐ லீக் பட்டத்தை வென்றது. தன் தனிப்பெயரோடு ஆடிய அப்பருவத்திலே அது தோற்று ஒழியவில்லை; வென்றே விடைபெற்றது. அடுத்த மாதம் 30 ஆம் நாள் சுனி கோசுவாமி மறைந்தார். தம் ஆட்டவாழ்வு முழுவதையும் இவ்வொரு கழகத்திலேயே கழித்தவர் அவர். நாளும் கோளும் பார்ப்பவன் அல்லன் நான். ஆயினும் அச்செய்தியைப் படித்த காலையில் எனக்கு வேலை ஓடவில்லை.

புதிய பெயர் 'ஏ.ரி.கே. மோகன் பகான்' என்று வந்தது. இந்த ஏ.ரி.கே. யாது? 2014 இல் மட்றிட் நகரத்து அத்லெற்றிக்கோ கழகத்தின் பங்குறவோடு 'அத்லெற்றிக்கோ டி கொல்கத்தா' என்றோர் அணி தோன்றியது. 2017 இல் மட்றிட்காரர் விலகிச் சென்றனர். அவர்கள் போனபின் விரிவு போயிற்று. எழுத்துகள் மாத்திரம் நின்றன. பொருளை இழந்த மூன்றெழுத்து, ஆறே ஆண்டு வாழ்ந்த அணியின் எச்சம், 130 ஆண்டு கடந்த பெயருக்கு முன்னே சென்று நின்றது!

நிறமும் படகும் இருக்கின்றனவே, பெயரும் முழுமையாக இருக்கின்றதே, இரசிகர் வேறென்ன கேட்கின்றனர் என்று சிலர் வினவினர். இதற்கு விடை நம் இலக்கணத்திலே உண்டு. செந்தாமரை என்னும்போது 'செம்மை' வெண்டாமரையினின்று அதனைப் பிரித்துக் காட்டுகின்றது; அது இனத்தைச் சுட்டிய அடை. செஞ்ஞாயிறு என்னும்போது கருஞாயிறு ஒன்று இல்லாமையால் அது இனஞ்சுட்டாது. சிறப்பித்தலே அதன் பயன். ஏ.ரி.கே. என்ற அடை இவ்விரண்டனுள் எது? வேறொரு மோகன் பகான் இல்லை. ஆகவே பிரித்துக் காட்டவில்லை. பழம்பெயரைச் சிறப்பித்தது என்று சொல்லவும் யாரும் துணியார். எஞ்சியது ஒன்றே: மாட்டுக்குக் குறி சுடுவது போன்ற உடைமை அடையாளம். கல்கத்தா இரசிகர் நன்னூல் படித்தவரல்லர்; எனினும் அடையின் தன்மையை அவர்கள் சரியாக உணர்ந்தனர். 'ஏ.ரி.கே.யை நீக்குக' என்று பதாகை எழுதினர். மைதானத்துக்குப் போகாது வீட்டில் இருந்தோரும் உளர்.

1998 இலும் மக்டொவல் என்ற மதுபானக் கம்பனியின் பெயர் இக்கழகத்தின் முன்னே ஒட்டப்பட்டதே, அன்று இத்துணைக் குமுறல் இல்லையே எனலாம். உண்மை. ஆனால் அது வந்து ஒட்டிய வணிகப் பெயர். என்றோ உரிந்துவிடும் என்று தெரிந்த பெயர். பிந்தியதோ அதே நகரத்து இன்னோர் அணியின் பெயர். விருந்தாளியின் துண்டைத் தோளிற் போடுவதும், அடுத்த வீட்டுக்காரனின் குடும்பப் பெயரைச் சூடுவதும் ஒன்றாகா.

2023 மார்ச் 18 ஆம் நாள் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் பெங்களூர் அணியோடு 2-2 எனச் சமநின்று, தண்ட உதைகளில் 4-3 என்று வென்று கிண்ணத்தைப் பெற்றனர். அன்றிரவே உரிமையாளர் முன்னொட்டு நீங்கும் என்று அறிவித்தார். பட்டாசு வெடித்த ஓசை அடங்குமுன் இன்னொன்றும் தெரிந்தது: முன்னே நின்றது போக, பின்னே ஒன்று வருகின்றது. யூன் முதலாந் திகதியிலிருந்து 'மோகன் பகான் சுப்பர் ஜயன்ற்' என்பதே பெயர். இப்பின்னொட்டு அதே முதலாளியின் லக்னோ கிரிக்கெற் அணிக்கும் உரியது. அவ்வாண்டு மே மாதம் அவ்வணி கல்கத்தாவில் ஆடியபோது பச்சையும் அரக்குச் சிவப்பும் அணிந்து வந்தது! நிறத்தையும் இரவல் கொடுத்தாயிற்று.

ஆயினும் இரசிகர் இம்முறை பெரிதும் அடங்கினர். காரணம் நாவிலே இருக்கின்றது என்பது என் துணிபு. முன்னொட்டைத் தாண்டாமற் பெயரைச் சொல்ல முடியாது. பின்னொட்டையோ சொல்லாமலே விடலாம். மோகன் பகான் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டால் ஆயிற்று. பத்திரிகை எழுதட்டும், ஒப்பந்தம் எழுதட்டும். பேச்சு வழக்கு தனக்கு வேண்டாததைத் தானே உதிர்த்துவிடும். நகரத்தின் பெயர் 2001 இல் கொல்கத்தா ஆனபின்னும் இக்கட்டுரை நெடுகிலும் நான் கல்கத்தா என்றே எழுதி வருவதை வாசகர் கவனித்திருப்பர்.

வெற்றிகளும் வாயை அடைத்தன என்பதை மறைப்பதற்கில்லை. 2023-24 இல் லீக் கேடயம். 2024-25 இல் கேடயம், கிண்ணம் இரண்டும். பணம் வராதிருந்தால் இவை வந்திரா. இதனை ஒப்புக்கொண்டுதான் நான் குறை சொல்லுகிறேன்.

ஒன்றை ஒளியாமற் சொல்ல வேண்டும். 2017 இல் ஆசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தின் தகுதிகாண் சுற்றில் மோகன் பகான் நம் கொழும்புக் கழகத்தை எதிர்த்தபோது, எப்பக்கம் நிற்பதென்று அறியாது இருதலைக் கொள்ளி எறும்பு போல் ஆனேன். மோகன் பகான் வென்றது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. 2022 ஏப்பிரல் 12 இல் நம் நாட்டுப் புளூ ஸ்ரார் கழகம் அதே கிண்ணத்துக்காகக் கல்கத்தாவுக்குச் சென்றது. இலங்கை தன் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குச் செலுத்த இயலாதென்று அறிவித்த நாளும் அதுவே. இம்முறை ஐயமில்லை என்று எண்ணினேன். எதிரே நிற்பது ஏ.ரி.கே. என்ற அடைகொண்ட வேறோர் அணி. நாமோ நொந்த நாட்டினர். நம்மவர் பக்கமே நிற்பேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு, அவனுடைய கைத்தொலைபேசியின் சிறு திரையில் ஆட்டத்தைப் பார்த்தேன். கோல்கள் விழத் தொடங்கின, ஐந்தும் நம்மவர் பக்கத்தில். ஐந்தாவது கோலுக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மகன் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.